பாட்டு ஃபைலில் வைரஸ் இருக்க முடியுமா?

“தெரியாத எண்ணிலிருந்து வரும் ஆடியோவைத் திறக்காதீர்கள், அதில் வைரஸ் இருக்கிறது” என்று ஒரு ஃபார்வர்டு வரும். உடனே விவரம் தெரிந்த ஒருவர், “எம்பி3 வெறும் டேட்டா, புரோகிராமே கிடையாது, அதில் எப்படி வைரஸ் வரும்?” என்று பதில் போடுவார். இரண்டு பேருமே பாதிதான் சொல்கிறார்கள். ஆடியோ கோப்பு தானாக எதையும் செய்யாது என்பது சரி. ஆனால் அதை வாசிக்கிற மென்பொருளில் ஒரு பிழை இருந்தால், கோப்பில் எழுதியிருக்கும் எண்களை வைத்தே அந்த மென்பொருளைத் தடம்புரள வைக்கலாம்.

வைத்தும் இருக்கிறார்கள். 2025 ஏப்ரலில் ஆப்பிள் ஐஓஎஸ் 18.4.1-ஐ வெளியிட்டது. அதில் அடைக்கப்பட்ட ஓட்டைகளில் ஒன்று, ஐபோனில் ஒலியைக் கையாளும் கோர் ஆடியோ என்ற பகுதியில் இருந்தது. விஷமத்தனமாகத் தயாரித்த மீடியா கோப்பின் ஒலியைப் பிரிக்கும்போது, தாக்குபவரின் கட்டளைகள் போனுக்குள் ஓட வாய்ப்பு இருந்தது. குறிப்பிட்ட சில நபர்களைக் குறிவைத்த மிக நுட்பமான தாக்குதலில் இது பயன்பட்டிருக்கலாம் என்று ஆப்பிளே தன் அறிவிப்பில் எழுதியது.

முதலில் ஒரு குழப்பத்தை ஒதுக்கிவிடலாம். பெயரில் எம்பி3 என்று போட்டு, கடைசியில் இஎக்ஸ்இ என்று முடியும் கோப்புகள் உண்டு. அவை பாட்டே இல்லை. பாட்டு வேஷம் போட்ட புரோகிராம்கள். அது பழைய ஏமாற்று வேலை, இந்தக் கட்டுரைக்கு வெளியே. இங்கே பேசப்போவது உண்மையான ஆடியோ கோப்பு, அதைத் திறக்கும் உண்மையான பிளேயர், நடுவில் நடக்கும் விபத்து.

டிகோடர் என்ன செய்கிறது?

சிடி தரத்தில் ஒலி என்றால் விநாடிக்கு 44,100 மாதிரிகள், அதாவது ஒலி அலையை அளந்து எழுதிய எண்கள். ஒவ்வொரு மாதிரிக்கும் 2 பைட், இடது வலது என்று இரண்டு சேனல். கூட்டிப் பார்த்தால் ஒரு விநாடிப் பாட்டுக்கு 1,76,400 பைட் ஆகிறது. அதையே 128 கிலோபிட் எம்பி3 ஆக மாற்றினால் விநாடிக்கு 16,000 பைட் போதும். இப்படிச் சுருக்கவும் விரிக்கவும் உதவும் முறைக்குக் கோடெக் என்று பெயர். எம்பி3, வோர்பிஸ், ஃப்ளாக் எல்லாம் கோடெக்குகள். சுருக்கியதை மறுபடி விரித்து ஸ்பீக்கருக்குக் கொடுக்கும் மென்பொருள்தான் டிகோடர்.

கோப்புக்குள் ஒலி மட்டும் இருப்பதில்லை. மாதிரிகளின் எண்ணிக்கை, சேனல், ஒரு மாதிரிக்கு எத்தனை பிட், பாட்டின் பெயர், பாடியவர் பெயர், அட்டைப்படம் எல்லாம் கூடவே வரும். ஒலியைப் பற்றிய இந்தத் தகவல்களுக்கு மெட்டாடேட்டா என்று பெயர். ஒவ்வொரு பகுதியும் தொடங்கும் இடத்தில், “அடுத்து வருவது இத்தனை பைட்” என்று ஒரு எண் இருக்கும். டபிள்யூஏவி கோப்பை எடுத்துக்கொண்டால், முதல் நான்கு பைட் அடையாள எழுத்துகள், அடுத்த நான்கு பைட் நீளம். உள்ளே வரும் ஒவ்வொரு துண்டும் இதே மாதிரிதான்: நான்கு பைட் பெயர், நான்கு பைட் நீளம், அப்புறம் சரக்கு.

அந்த நீளத்தை எழுதியது யார்? கோப்பைத் தயாரித்தவர். அவர் யார் என்று டிகோடருக்குத் தெரியாது. அவர் எழுதிய எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதில்தான் இந்த விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

நகலெடுக்கும் எழுத்தர்

ஒரு எழுத்தரை நினைத்துக்கொள்ளுங்கள். வரும் கடிதங்களைத் தன் நோட்டில் நகலெடுப்பதுதான் அவர் வேலை. கடிதத்தின் மேலே “இதில் பத்து வரிகள்” என்று போட்டிருக்கிறது. அவர் நோட்டில் பத்து வரிக்கு இடம் விடுகிறார். பதினோராவது வரியில் தனக்காக ஒரு குறிப்பு எழுதி வைக்கிறார்: “நகல் முடிந்ததும் 42-ஆம் பக்கத்தில் உள்ளதைச் செய்.”

கடிதத்தில் உண்மையில் பதினோரு வரி இருக்கிறது. எழுத்தர் எண்ணிப் பார்க்கிற ஆள் இல்லை, கடிதம் தீரும்வரை எழுதுவார். பதினோராவது வரி வந்ததும் அங்கிருந்த குறிப்பை அழித்துவிட்டு அதன் மேலேயே எழுதிவிடுகிறார். அந்த வரியில் கடிதக்காரர் எழுதி அனுப்பியிருந்தது இது: “நகல் முடிந்ததும் 3-ஆம் வரியில் உள்ளதைச் செய்.” மூன்றாம் வரியில் “பெட்டியைத் திறந்து சாவியை வெளியே வை” என்று இருக்கிறது.

வேலை முடிந்ததும் எழுத்தர் அடுத்து என்ன என்று குறிப்பைப் பார்க்கிறார். அவருடைய நோட்டு, அவருடைய கையெழுத்து. சந்தேகப்பட ஒரு காரணமும் இல்லை. போய்ச் செய்கிறார்.

மெமரியில் நடப்பது

எழுத்தரின் நோட்டுதான் கம்ப்யூட்டரின் மெமரி. வரும் டேட்டாவுக்காக அதில் ஒதுக்கும் இடத்துக்குப் பஃபர் என்று பெயர். பஃபரின் எல்லையைத் தாண்டி எழுதிவிடுவதை பஃபர் ஓவர்ஃப்ளோ என்பார்கள்.

எல்லை தாண்டினால் பக்கத்தில் என்ன இருக்கிறது? பல சமயம், டிகோடர் இந்த வேலையை முடித்ததும் எங்கே திரும்ப வேண்டும் என்ற முகவரி. சில சமயம் அடுத்து அழைக்க வேண்டிய வேறொரு செயல்பாட்டின் முகவரி, அல்லது இன்னொரு பஃபரின் அளவு. மெமரியைப் பொறுத்தவரை எல்லாமே எண்கள்தான். இது பாட்டிலிருந்து வந்த எண், இது புரோகிராம் தனக்காக வைத்த எண் என்று பிரித்துக் காட்டும் முத்திரை எதுவும் அதில் இல்லை. அந்த முகவரி மீது தாக்குபவர் தனக்கு வேண்டிய எண்ணை எழுதிவிட்டால், புரோகிராம் அவர் காட்டும் இடத்துக்குப் போகும்.

ஒன்றைக் கவனியுங்கள்: இதில் ஒலிக்கு எந்த வேலையும் இல்லை. அந்தக் கோப்பில் பாட்டு இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. “இந்த அதிர்வெண்ணைக் கேட்டால் போன் ஹேக் ஆகிவிடும்” என்பதெல்லாம் வேறு உலகக் கதை. போனின் ஸ்பீக்கர் ஒரு சத்தமும் எழுப்பாமலேயே எல்லாம் முடிந்திருக்கும்.

இதுவரை பார்த்தது: கோப்பு தன் அளவைத் தானே சொல்லிக்கொள்கிறது. டிகோடர் அதைச் சரிபார்க்காமல் நம்பினால், பஃபருக்கு வெளியே எழுதிவிடும். வெளியே இருப்பது புரோகிராமின் சொந்தக் குறிப்பு என்றால், கட்டுப்பாடு கைமாறிவிடும்.

சரிபார்த்தும் தப்புவது எப்படி?

“அளவைச் சரிபார்த்தால் போச்சு, இதில் என்ன கஷ்டம்?” என்று தோன்றும். பெரும்பாலான டிகோடர்கள் சரிபார்க்கத்தான் செய்கின்றன. பிரச்சினை, சரிபார்க்கும் கணக்கே தவறும்போது வருகிறது.

32 பிட்டில் எழுதக்கூடிய மிகப்பெரிய எண் 429,49,67,295. அதோடு ஒன்றைக் கூட்டினால் விடை சுழியத்துக்குத் திரும்பிவிடும், இடம் தீர்ந்துபோனது என்று எச்சரிக்கையும் வராது. எண் இப்படிச் சுற்றிக்கொண்டு மறுபடி சிறியதாகிவிடுவதற்கு இன்டிஜர் ஓவர்ஃப்ளோ என்று பெயர். இப்போது ஒரு கோப்பு, “என்னிடம் 107,37,41,825 மாதிரிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் 4 பைட்” என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். டிகோடர் பெருக்குகிறது. சரியான விடை 429,49,67,300. ஆனால் அது 32 பிட்டுக்குள் அடங்காது. மிச்சமாக நிற்பது வெறும் 4. “நான்கு பைட்தானே” என்று டிகோடர் நான்கு பைட்டுக்கு மட்டும் இடம் ஒதுக்குகிறது. அப்புறம் மாதிரிகளை ஒவ்வொன்றாக விரித்து எழுத ஆரம்பிக்கிறது. முதல் மாதிரியிலேயே இடம் தீர்ந்துவிடும்.

2025-இல் டால்பியின் டிகோடரில் மென்பொருள் ஓட்டைகளைத் தேடும் கூகுளின் புராஜெக்ட் ஜீரோ குழு கண்டுபிடித்த ஓட்டை இந்த இனத்தைச் சேர்ந்தது. நீளத்தைக் கணக்கிடும்போது எண் சுற்றிக்கொண்டுவிடும். ஒதுக்கிய பஃபர் சின்னதாகிவிடும். அதற்குப் பிறகு நடக்கும் எல்லைச் சோதனையும் பயனில்லாமல் போய்விடும்.

ஒன்றைக் கிட்டத்தில் பார்ப்போம்

எனக்கு இதில் மிகவும் பிடித்த உதாரணம் (பிடித்த என்று சொல்லலாமா தெரியவில்லை) சாம்சங் கேலக்ஸி எஸ்23, எஸ்24 போன்களில் கிடைத்தது. கண்டுபிடித்தவர் புராஜெக்ட் ஜீரோவின் நடாலி சில்வானோவிச். 2024 டிசம்பர் அப்டேட்டில் சாம்சங் அதைச் சரிசெய்தது.

மங்கீஸ் ஆடியோ என்று ஒரு கோடெக் உண்டு. ஏபிஇ என்று முடியும் கோப்புகள் அதைச் சேர்ந்தவை. தரம் குறையாமல் பாட்டைச் சேமிக்க விரும்பும் ஒரு சிறு கூட்டத்தைத் தவிர யாரும் அதைத் தொட்டிருக்க மாட்டார்கள். சாம்சங் போன்களில் அதற்கும் ஒரு டிகோடர் இருந்தது. விரித்த ஒலியைப் போட அதற்குக் கிடைத்த பஃபரின் அளவு 11,79,648 பைட். ஒரே தவணையில் எத்தனை மாதிரிகள் வரலாம் என்பதற்கும் அதே 11,79,648 என்று உச்சவரம்பு வைத்திருந்தார்கள். பார்த்தால் கச்சிதமான ஏற்பாடு.

ஆனால் ஒன்று எண்ணுவது மாதிரிகளை, மற்றொன்று எண்ணுவது பைட்டுகளை. மாதிரி 8 பிட் என்றால் ஒரு மாதிரிக்கு ஒரு பைட், சரியாகப் பொருந்தும். 24 பிட் என்று கோப்பு சொன்னால் ஒரு மாதிரிக்கு மூன்று பைட். பஃபரைப் போல மூன்று மடங்கு வரை எழுதலாம். இருந்த சோதனை தவறாமல் நடந்தது. சோதித்த அலகுதான் வேறு.

இன்னும் மோசமான பகுதி, இதற்கு யாரும் பிளே பட்டனை அழுத்தவே வேண்டாம் என்பது. அந்தப் போன்களில் மெசேஜ் செயலிக்கு வரும் குரல் செய்தியை எழுத்தாக மாற்றித் தரும் வசதி உண்டு. எழுத்தாக மாற்ற வேண்டும் என்றால் முதலில் ஒலியை விரிக்க வேண்டுமே? செய்தி வந்து சேர்ந்ததும், நீங்கள் பார்ப்பதற்கு முன்பே, டிகோடர் வேலையைத் தொடங்கிவிடும். பயனர் எதையும் தொடாமலேயே வேலை செய்யும் இத்தகைய தாக்குதலுக்கு ஜீரோ கிளிக் என்று பெயர்.

திறக்கவில்லை என்றால் தப்பித்தோமா?

இல்லை, இது புதிய சங்கதியும் இல்லை. 2002 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் எக்ஸ்பி-க்கு ஒரு அவசரத் திருத்தம் வெளியிட்டது. எம்பி3 அல்லது டபிள்யூஎம்ஏ கோப்பின் ஐகான் மீது மவுஸைக் கொண்டுபோய் வைத்தாலே போதும், பாட்டின் விவரங்களைக் காட்டுவதற்காக விண்டோஸ் அந்தக் கோப்பை வாசிக்கும். அந்த வாசிப்பில் ஒரு பஃபரின் எல்லையைச் சரிபார்க்காமல் விட்டிருந்தார்கள். பாட்டைக் கேட்கவே வேண்டாம், அதன் மேல் மவுஸ் போனால் போதும்.

2015-இல் ஆண்ட்ராய்டில், மீடியாவைக் கையாளும் ஸ்டேஜ்ஃப்ரைட் என்ற பகுதியில் வந்த ஓட்டைகளைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஜிம்பீரியம் நிறுவனத்தின் ஜோஷுவா டிரேக் கண்டுபிடித்தார். அந்த ஜூலையில் வெளியானபோது சுமார் 95 கோடி சாதனங்கள் பாதிக்கப்படலாம் என்று அந்த நிறுவனம் கணக்கிட்டது. எம்எம்எஸ் வழியாக ஒரு வீடியோ வந்தால் போதும் என்பதுதான் அப்போதைய பரபரப்பு. அதே அக்டோபரில் இரண்டாவது தொகுதி வந்தது. இந்த முறை எம்பி3 கோப்பும் பட்டியலில் சேர்ந்தது. மெட்டாடேட்டாவைக் கையாளும் இடத்தில்தான் பிழை என்பதால், பாட்டின் முன்னோட்டத்தைக் காட்ட முயன்றாலே ஆபத்து. ஆண்ட்ராய்டுக்கு மாதந்தோறும் பாதுகாப்பு அப்டேட் வரத் தொடங்கியது இந்தக் களேபரத்துக்குப் பிறகுதான்.

சுருக்கமாக: “திறப்பது” என்று நாம் நினைப்பது ஒன்று, போன் செய்வது வேறொன்று. பெயர் காட்ட, நீளம் காட்ட, அட்டைப்படம் காட்ட, குரலை எழுத்தாக்க என்று நம் விரல் படுவதற்கு முன்பே கோப்பு வாசிக்கப்பட்டுவிடுகிறது.

ஏன் இத்தனை ஓட்டைகள்?

காரணங்களில் முதலாவது மொழி. பெரும்பாலான டிகோடர்கள் சி, சி++ மொழிகளில் எழுதப்பட்டவை. வேகம் வேண்டும், பேட்டரி மிஞ்ச வேண்டும், அதற்கு இந்த மொழிகள் தோது. ஆனால் எல்லை தாண்டி எழுதினால் இவை தாமாகத் தடுக்காது. அது எழுதுபவர் பொறுப்பு. எல்லையைத் தானே கண்காணிக்கும் ரஸ்ட் போன்ற மொழிகளில் இப்போது டிகோடர்கள் வருகின்றன, சிம்ஃபோனியா அதற்கு ஓர் உதாரணம். எனினும் இருபது, முப்பது வருடமாகச் சேர்ந்த பழைய நிரலை ஒரே நாளில் யாரும் தூக்கிப் போடப்போவதில்லை.

இரண்டாவது காரணம் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது: நிரல் கைமாறும் விதம். ஆப்பிள் தன் ஏஎல்ஏசி கோடெக்கின் மூல நிரலை 2011-இல் எல்லோருக்கும் பொதுவாக வெளியிட்டது. அதன்பின் தன் சொந்தப் பிரதியைத் திருத்திக்கொண்டே வந்தது, பொதுவில் போட்ட பிரதி அப்படியே கிடந்தது. குவால்காம், மீடியாடெக் என்ற இரண்டு பெரிய சிப் நிறுவனங்களும் அந்தப் பழைய பிரதியை எடுத்துத் தங்கள் டிகோடர்களில் சேர்த்திருந்தன. செக் பாயிண்ட் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அதில் ஓட்டைகள் இருப்பதைக் கண்டுபிடித்து 2022 ஏப்ரலில் அறிவித்தார்கள். 2021-இல் விற்ற ஸ்மார்ட்போன்களில் மூன்றில் இரண்டு பங்கு பாதிக்கப்பட்டிருக்கும் என்பது அவர்கள் மதிப்பீடு. இரண்டு நிறுவனங்களும் 2021 டிசம்பரிலேயே திருத்தம் கொடுத்துவிட்டன. ஆப்பிளின் நிரலில் இருந்த பிழை ஆண்ட்ராய்டு போன்களில் போய் உட்கார்ந்த கதை இது. யாருமே தீய எண்ணத்தோடு எதையும் செய்யவில்லை. பொதுவில் கிடக்கும் நிரலைப் பராமரிப்பது யார் வேலை என்று யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

நாம் ஒருபோதும் பயன்படுத்தாத கோடெக்குகளும் போனில் இருப்பது இதோடு சேர்ந்த தொல்லை. ஏபிஇ கோப்பை நீங்கள் வாழ்நாளில் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆனால் அனுப்புகிறவருக்கு உங்கள் விருப்பம் எதற்கு? போனில் அந்த டிகோடர் இருந்தால் போதும்.

ஓட்டை இருந்தால் போன் போச்சா?

அவ்வளவு சுலபமில்லை. செய்திகளில் “ஒரே பாட்டில் போன் காலி” என்று வருவதைப் படித்துவிட்டுப் பதற வேண்டாம்.

பஃபர் நிரம்பி வழிந்தால் பெரும்பாலும் நடப்பது கிராஷ். செயலி மூடிக்கொள்ளும், அத்தோடு சரி. அதைத் தாண்டித் தன் கட்டளைகளை ஓட வைக்க, தாக்குபவர் பல தடைகளைக் கடக்க வேண்டும். இன்றைய இயங்குதளங்களில் டேட்டாவுக்கு ஒதுக்கிய மெமரியிலிருந்து கட்டளைகள் ஓடாது. எழுத்தரின் கதையில் சொன்னால், கடிதத்தை நகலெடுத்த வரியில் இருப்பது எதையும் அவர் வேலையாக எடுத்துச் செய்யக் கூடாது என்று விதி போட்டிருக்கிறார்கள். புரோகிராமின் பகுதிகள் மெமரியில் எங்கே அமரும் என்பதும் ஒவ்வொரு முறையும் மாறும், எனவே எந்த முகவரியை எழுதுவது என்று முன்கூட்டியே தெரியாது.

இவற்றுக்கு மேல் சாண்ட்பாக்ஸ் இருக்கிறது. அதாவது, டிகோடரை ஒரு தனிச் சிறையில் ஓடவிட்டு, கேமரா, தொடர்புகள், பிற கோப்புகள் எதையும் தொட அனுமதிக்காமல் இருப்பது. ஸ்டேஜ்ஃப்ரைட் தந்த பாடத்தால், 2016-இல் வந்த ஆண்ட்ராய்டு 7-இல் மீடியா வேலைகள் அனைத்தையும் செய்துகொண்டிருந்த ஒரே பெரிய சேவையைப் பல துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தேவையான அனுமதியை மட்டும் கொடுத்தார்கள். எனவே டிகோடரைக் கைப்பற்றியவர் அங்கேயே நிற்க வேண்டும், அல்லது வெளியே வர இன்னொரு ஓட்டை தேட வேண்டும்.

2018 மார்ச்சில் நடந்த பிவன்டுஓன் ஹேக்கிங் போட்டியில் இதை நேரில் பார்க்க முடிந்தது. ரிச்சர்ட் ஜூ என்பவர் ஃபயர்ஃபாக்ஸ் உலாவியை வீழ்த்தினார். நுழைந்த வழி, வோர்பிஸ் ஒலியை விரிக்கும் லிப்வோர்பிஸ் நிரலில் இருந்த எல்லை தாண்டல். ஆனால் அது மட்டும் போதவில்லை. கம்ப்யூட்டரை முழுமையாகப் பிடிக்க விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலில் இருந்த வேறொரு பிழையும் தேவைப்பட்டது. ஃபயர்ஃபாக்ஸ் சில நாட்களுக்குள்ளாகவே 59.0.1 பதிப்பில் ஓட்டையை அடைத்தது.

இப்படிப் பல ஓட்டைகளைக் கோத்து முழுத் தாக்குதலாக்குவது செலவும் உழைப்பும் பிடிக்கும் வேலை. ஆகவே புத்தம்புது ஓட்டைகள் பெரும்பாலும் சில குறிப்பிட்ட ஆட்கள் மீதுதான் பாய்கின்றன. நம்மைப் போன்றவர்களுக்கு அபாயம் வருவது, ஓட்டை வெளியே தெரிந்து, திருத்தமும் வந்து, அதை நாம் போடாமல் வைத்திருக்கும் இடைவெளியில்.

கண்டுபிடிப்பது எப்படி?

நிரலை வரி வரியாகப் படிப்பது ஒரு வழி. இன்னொன்று ஃபஸ்ஸிங்: ஒரு நல்ல பாட்டுக் கோப்பை எடுத்து அங்கங்கே சில பிட்டுகளைக் கன்னாபின்னாவென்று மாற்றி டிகோடரிடம் கொடுப்பது, அது கிராஷ் ஆகிறதா என்று பார்ப்பது, மறுபடி மாற்றுவது. கோடிக்கணக்கான முறை. கேட்க மூளையில்லாத வேலை மாதிரி இருக்கும். ஆனால் மிஹாவ் ஸலெவ்ஸ்கி 2013-இல் வெளியிட்ட ஏஎஃப்எல் கருவி ஒரு சின்னப் புத்திசாலித்தனத்தைச் சேர்த்தது. எந்த மாற்றம் டிகோடரின் புதிய பகுதிக்குள் கொண்டுபோகிறதோ அந்தக் கோப்பை வைத்துக்கொண்டு, அதிலிருந்து மேலும் மாற்றிக்கொண்டே போகும். 2016 முதல் கூகுளின் ஓஎஸ்எஸ்-ஃபஸ் திட்டம், மூல நிரல் பொதுவில் உள்ள மென்பொருள்களுக்கு இதை இலவசமாக, தொடர்ந்து செய்துவருகிறது. எஃப்எஃப்எம்பெக் போன்ற பெரிய மீடியா நிரல்களும் அதில் உண்டு.

நாம் செய்யக்கூடியது

போன், கம்ப்யூட்டர், உலாவி மூன்றிலும் தானியங்கி அப்டேட்டை அணைத்து வைக்காதீர்கள். மேலே சொன்ன ஓட்டைகள் எல்லாவற்றுக்கும் மருந்து அப்டேட் வழியாகத்தான் வந்தது. பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன பழைய போனில் முன்பின் தெரியாதவர் அனுப்பும் மீடியா தானாக டவுன்லோட் ஆவதை நிறுத்தி வைக்கலாம். முழுப் பாதுகாப்பு கிடைக்காது, ஒரு வாசலாவது மூடும். மிகவும் குறிவைக்கப்படக்கூடிய வேலையில் இருப்பவர்களுக்கு ஐபோனில் லாக்டவுன் மோட் என்று ஒன்று இருக்கிறது. சில வகைப் படம், வீடியோ, ஆடியோ தவிர, மெசேஜோடு இணைத்து வரும் பெரும்பாலான கோப்பு வகைகளை அது தடுத்துவிடும்.

பலர் மறக்கும் ஒன்று பிளேயர் செயலி. விஎல்சி போன்ற பிளேயர்கள் தங்களுக்கு வேண்டிய டிகோடர்களைத் தாங்களே சுமந்து வருகின்றன. விண்டோஸையோ ஆண்ட்ராய்டையோ எவ்வளவு புதுப்பித்தாலும் அந்த டிகோடர்கள் மாறாது. என்றோ போட்டுவிட்டு மறந்துபோன பிளேயர் ஏதாவது கம்ப்யூட்டரில் இருந்தால், அதைத் தனியாகப் புதுப்பிக்க வேண்டும். பயன்படுத்துவதே இல்லை என்றால் நீக்கிவிடலாம்.